மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் அப்பா

கையில் ஒரு கருவி வந்துவிட்டால் மனிதனுக்குக் காது மந்தமாகிவிடுகிறது. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வாங்கிய எந்த வீட்டுக்கும் போய்ப் பாருங்கள். நான் சுகமாகத்தான் இருக்கிறேன் என்று நீங்கள் எவ்வளவு சொன்னாலும் விடமாட்டார்கள். கையை இழுத்துப் பட்டியைச் சுற்றிவிட்டுத்தான் தேத்தண்ணீர் தருவார்கள். எனக்கு இருபத்தேழு வயதில் கதிர்வீச்சை அளக்கும் கருவி ஒன்று கைக்கு வந்தது. அதை வைத்து நான் அப்பாவுக்குச் செய்த காரியத்தை எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சிரிப்பேன். சிரித்து முடிந்ததும் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவேன்.

நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு உதவியாளன். பெயர் பெரிது, வேலை சின்னது. கதிர்வீச்சைக் காட்டும் கருவிகள் உண்மை சொல்கின்றனவா என்று தினமும் சரிபார்த்து அட்டையில் கையெழுத்து வைக்க வேண்டும். இதைப் படித்துவரச் சொல்லித் தமிழ்நாட்டுக் கடற்கரையிலுள்ள ஓர் அணுமின் நிலையத்துக்கு மூன்று வாரம் என்னை அனுப்பினார்கள். அங்கே வாசலுக்கு வாசல் கருவி, கருவிக்குக் கருவி அட்டை. எந்தக் கருவியையும் நம்புவதற்கு முன்னர் மூன்று காரியம் செய்தாக வேண்டும் என்பது விதி. பற்றரியில் பலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொத்தான் அளவிலான கதிர்வீச்சுத் துண்டு ஒன்று தருவார்கள். அதன் அருகில் பிடித்தால் காட்டவேண்டிய எண்ணைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, அளக்கப்போகும் ஆளோ பொருளோ இல்லாதபோது அந்த இடம் என்ன எண் காட்டுகிறது என்று அளந்து குறிக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் கருவியில் சிவப்பு அட்டை தொங்கும். அதன்பிறகு அது சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

அங்கே எங்களுக்குப் படிப்பித்த ஆசிரியை கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு தினமும் சொல்வார்: “தம்பி, நீங்க அளக்கிற பொருளைப் பத்தி மானிட்டர் என்ன சொல்லுதுன்னு அப்புறம் கேளுங்க. சும்மா இருக்கிறப்ப அது என்ன சொல்லுதுன்னு முதல்ல கேட்டுக்கோங்க.”

கொப்பியில் அடிக்கோடு போட்டு எழுதினேன். (எழுதினால் மண்டைக்குள் போய்விடும் என்று நம்பிய காலம்.) மூன்று வாரம் கழித்து, அந்த நிலையத்தை அத்திவாரத்திலிருந்து நானே கட்டி முடித்துவிட்டு வந்தவன்போல எங்கள் ஊரான இணுவிலில் வந்து இறங்கினேன்.

அப்பாவும் மீற்றர் மனிதர்தான். மின்சார மீற்றர். சைக்கிளில் சுன்னாகம், மல்லாகம் பக்கமெல்லாம் வீடு வீடாகப் போய் மீற்றர் வாசித்து ஓய்வு பெற்றவர். யுத்தக் காலத்தில் பல வருடம் எங்கள் பக்கம் மின்சாரமே இல்லை. மீற்றர் வாசிப்பவருக்கு அதைவிடச் சுலபமான காலம் கிடையாது, எந்த வீட்டு மீற்றரும் அசையவில்லை. பிறகு மின்சாரம் வந்தது, முறைப்பாடும் வந்தது. “மீற்றர் பிழை, சும்மா ஓடுது” என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் அப்பா ஒன்றுதான் சொல்வார்: “வீட்டிலை இருக்கிற எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு வந்து பாருங்கோ. அப்பவும் ஓடினால் கதைப்பம்.” பெரும்பாலும் கதைக்க வேண்டி வந்ததில்லை. யாரோ பின்வளவில் தண்ணீர் மோட்டரைப் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள்.

அம்மா இறந்து ஆறு வருடத்தில் அப்பாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைரொயிட் புற்றுநோய். வெட்டி எடுத்தார்கள். மிச்சம் மீதி இருந்தால் அதை அழிப்பதற்காகக் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுள்ள அயோடின் குடிக்கக் கொடுத்து, ஐந்து நாள் தனி அறையில் வைத்திருந்து அனுப்பினார்கள். மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை அப்பாவிலிருந்தும் கொஞ்சம் கதிர்வீச்சு வரும். வீட்டுக்குப் போய்ப் பதினான்கு நாள் சிறுபிள்ளைகளைக் கிட்ட எடுக்கக்கூடாது என்று கடதாசியில் எழுதியிருந்தது.

அந்தப் பதினான்கு நாள் எங்கள் வீட்டில் ஒரு பெரிய பிரச்சினை. கனடாவிலிருந்து அக்கா வர இருந்தார். நான்கு வயது மகளையும் கூட்டிக்கொண்டு வர இருந்தார். பிள்ளையின் பெயர் யாழினி. (யாழ்ப்பாணத்தைக் கண்ணால் காணாத பிள்ளைகளுக்குத்தான் இந்தப் பெயர் வைக்கிறார்கள்.) அப்பா அவளைத் தொலைபேசித் திரையில் மட்டும்தான் கண்டிருந்தார். அக்காவுக்கு இரண்டு வாரம்தான் லீவு. நாட்காட்டியை வைத்து எண்ணிப் பார்த்தோம். அப்பா வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் அவர்கள் வருவார்கள், இருபத்திரண்டாம் நாள் போவார்கள். ஐந்து நாள் தூர நின்று பார்க்கலாம், மிச்ச எட்டு நாளும் பிள்ளையைத் தூக்கலாம்.

“எட்டு நாள் காணும்,” என்று திருப்திப்பட்டார் அப்பா.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து மஞ்சள் நாடா கொண்டுவந்து விறாந்தையின் குறுக்கே ஒட்டினேன். அந்தப் பக்கம் அப்பாவின் சாய்மனைக் கதிரை, தனிக் கோப்பை, தனித் தம்ளர். இந்தப் பக்கம் நாங்கள். பக்கத்து வீட்டுப் பரமேஸ் மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, துடக்கே?” (தீட்டைத்தான் நாங்கள் துடக்கு என்போம், செத்தவீட்டுக்கு முப்பத்தொரு நாள்.)

“துடக்கில்லை மாமி, கதிர்வீச்சு.”

“அதுக்கு எத்தினை நாள்? முப்பத்தொண்டோ?”

“பதினாலு.”

“பரவாயில்லை, செத்தவீட்டுத் துடக்கிலை அரைவாசிதான்,” என்று சொல்லிப் போனவர், பின்னேரம் ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து நாடா நீளத்துக்கும் தெளித்துவிட்டார். நான் விஞ்ஞானம் சொல்லித் தடுத்தேன். அவர் என்னையும் சேர்த்துத் தெளித்தார்.

யாழினி வந்தாள். முதல் நாள் வெட்கம். இரண்டாம் நாள் நாடாவுக்கு அருகில் வந்து குந்தினாள். அன்று பொழுதுபடுகிற நேரத்தில் மின்சாரம் நின்றது. பிள்ளை பயந்து அழ, அப்பா கதிரையில் இருந்தபடி என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, பரணிலை பெற்றோல்மாக்ஸ் கிடக்கு. இறக்கிக்கொண்டு வா. பக்கத்திலை ஒரு பிஸ்கற் பேணி இருக்கும், அதையும் எடு.”

யுத்தக் காலத்து விளக்கு அது. தகரப் பேணிக்குள்ளே என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. அப்பா அதிலிருந்து வெள்ளை வலைத்துணிப் பை ஒன்றை எடுத்து விளக்கில் கட்டினார். மென்றில் என்போமே, அது. மண்ணெண்ணெய் விட்டு, பம்ப் அடித்து, கொளுத்தினார். விறாந்தை முழுக்க வெள்ளை வெளிச்சம். யாழினி அழுகையை நிறுத்திவிட்டுக் கை தட்டினாள்.

“அம்மப்பா, அகெய்ன்!”

ஒருமுறை எரித்த மென்றில் தொட்டால் தூளாகிவிடும். ஆனால் பிள்ளை கேட்டுவிட்டாள். யுத்தக் காலத்தில் ஒன்று கிடைப்பதற்கு ஊரெல்லாம் அலைந்த மனிதர், பழையதை உதிர்த்துப் புதியதைக் கட்டினார். அதன்பிறகு தினமும் பொழுதுபட இதுதான் நிகழ்ச்சி, மின்சாரம் இருந்தாலும் அணைத்துவிடச் சொல்வார். பேணி அவருடைய கதிரைக்குக் கீழேயே குடியிருந்தது. தூக்க முடியாத பிள்ளைக்கு அவரால் செய்யக்கூடியதாக இருந்தது அவ்வளவுதான்.

பதினான்காம் நாள் வந்தது. அப்பா விடியவே தோய்ந்து, திருநீறு பூசி, புது வேட்டி கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார். அக்கா பிள்ளைக்குச் சட்டை போட்டு நாடாவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த நேரத்தில்தான் நான் உள்ளே போய்ப் பையிலிருந்து கருவியை எடுத்துவந்தேன்.

(அதை நான் ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துவந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிவுப் புத்தகத்தில் ‘வெளிக்கள அளவீடு’ என்று எழுதினேன். வெளிக்களம் எங்கள் விறாந்தை.)

“உது என்னத்துக்கு? பதினாலு நாள் முடிஞ்சுதுதானே?” என்றார் அக்கா.

“கடதாசி எல்லாருக்கும் பொதுவாய் எழுதுறது. மீற்றர்தான் உண்மை சொல்லும்,” என்றேன். எவ்வளவு அழகான வசனம்! முதல்நாளே கண்ணாடிக்கு முன்னால் சொல்லிப் பார்த்திருந்தேன்.

அப்பா கருவியை ஆவலாகப் பார்த்தார். மீற்றரைக் கண்டால் அவருக்கு ஒரு சொந்தம் வந்துவிடும்.

“மீற்றர் சரியோ?”

“பற்றரி பாத்திட்டன். வேலையிலை வைச்சு எண்ணும் சரிபாத்தனான்.”

“எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டுப் பாத்தனியோ?”

எனக்குச் சிரிப்பு வந்தது. “அப்பா, இது உங்கடை கரண்ட் மீற்றர் இல்லை. உங்களை நிப்பாட்டிப்போட்டுப் பாக்க ஏலாது.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாதான் கூடச் சிரித்தார்.

அவரைக் கதிரையிலிருந்து எழுப்பி, முற்றத்தில் போய் நிற்கச் சொல்லி, வெறும் கதிரையை ஒருமுறை அளந்திருந்தால் போதும். அதற்கு அரை நிமிடம் செல்லும். பிள்ளை காத்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்கு அவசரம். அது பொய். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றுதான் அவசரம்.

கருவியை அப்பாவின் கழுத்தருகே பிடித்தேன். டிக், டிக், டிக் என்று அடித்தது. சும்மா கிடக்கிற இடத்தில் முப்பது காட்டும் கருவி, எழுபது காட்டியது. மெதுவாகக் கீழே இறக்கினேன். வயிற்றடியில் நூற்றிருபது. எனக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. அயோடின் சிறுநீரோடுதான் வெளியேறும், அப்படியானால் அது சிறுநீர்ப்பையில் தங்கி நிற்கிறது! படித்தவனுக்குக் காரணம் கிடைப்பது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

“இன்னும் கொஞ்சம் கிடக்கு,” என்றேன்.

அப்பா பிள்ளையைத் தூக்க நீட்டிய கையை மடிக்குத் திருப்பி எடுத்துக்கொண்டார். “எத்தினை நாள்?”

“ரெண்டு நாள் பாப்பம்.”

அடுத்த நாளிலிருந்து இளநீர் வைத்தியம் தொடங்கியது. ஒரு நாளைக்கு ஒன்பது இளநீர். அப்பா குடித்தார். குடித்துவிட்டு ஓடினார். கக்கூசுக்கும் கதிரைக்கும் நடந்தே அவருடைய செருப்புத் தேய்ந்தது. தினமும் காலையில் அதே கதிரையில் இருத்தி அளந்தேன். நூற்றிருபது. மறுநாள் நூற்றுப் பதினெட்டு, அடுத்த நாள் நூற்றிருபத்திரண்டு. அயோடின் எட்டு நாளில் தானாகவே பாதியாகிவிடும் என்பது நானே மற்றவர்களுக்குப் படிப்பிக்கிற பாடம். குறையாமல் நிற்கிற எண்ணைக் கண்டும் எனக்குக் கருவிமீதோ என்மீதோ சந்தேகம் வரவில்லை. அப்பாவின் சிறுநீரகத்தின்மீதுதான் வந்தது. பத்தாவது இளநீரையும் சேர்த்தேன்.

வீட்டில் ஒருவரும் என்னை எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. அக்கா கனடாவில் வங்கியில் வேலை செய்கிறவர், அப்பா வாழ்நாள் முழுக்க மீற்றரோடு மல்லுக்கட்டியவர். ஆனால் எங்கள் வீடுகள் துடக்குக்குப் பழகியவை. இத்தனை நாள் தொடக்கூடாது என்று ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர்கள் நாளை எண்ணிக்கொண்டு இருப்பார்கள், ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஐயர் சொல்கிற இடத்தில் நான் நின்று சொன்னேன், அவ்வளவுதான். பரமேஸ் மாமி மாத்திரம் “பாத்தியோ, முப்பத்தொண்டுதான் கணக்கு” என்று வெற்றிப் பெருமிதத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

பகல் முழுக்க யாழினி நாடாவுக்கு இந்தப் பக்கமிருந்து பந்தை உருட்டுவாள். அப்பா கரண்டியால் தட்டித் திருப்பி உருட்டுவார், கையால் தொடமாட்டார். பொழுதுபட விளக்குக் கொளுத்துவார். எட்டு நாளும் அப்படியே போனது.

இருபத்திரண்டாம் நாள் பகல் அவர்களை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போகும் வான் வந்து வாசல் படலையடியில் நின்றது. வெளிக்கிடும்போது பெரியவர்கள் திருநீறு பூசி அனுப்புவது எங்கள் வழக்கம். அப்பா திருநீற்றுத் தட்டத்தை நாடாவுக்கு மேலால் தரையில் வைத்து நகர்த்திவிட்டார். “தம்பி, நீ பூசிவிடு.” நான் பூசினேன். அக்கா அழுதுகொண்டு வானை நோக்கி நடந்தார். பாதி முற்றம் போன யாழினி என்ன நினைத்தாளோ, தாயின் கையை உதறிவிட்டுத் திரும்பி ஓடிவந்தாள். விறாந்தைப் படியேறி, நாடாவைத் தாண்டி ஒரு கால் வைத்தாள்.

“நில்!” என்று கத்தினேன்.

என் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. கத்தியது மட்டுமல்ல, பாய்ந்து அவளுடைய கையைப் பிடித்து இழுத்தேன். அப்பா எழும்பிச் சுவரோடு சுவராகப் போய் நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். களவெடுத்தவர்போல.

“போங்கோ குஞ்சு, அம்மப்பா அடுத்த முறை தூக்கிறன்,” என்றார்.

வான் போனது. நான் அன்று மிகவும் பொறுப்பான மனிதனாக உணர்ந்தேன்.

மறுநாள் காலை வழக்கம்போலக் கருவியோடு வந்தேன். அப்பாவைக் காணவில்லை. இளநீர் வெறுத்துச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போய்விட்டார். வரட்டும் என்று கருவியைக் கதிரையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றப் போனேன். குசினிக்குள் நிற்கும்போதே கேட்டது.

டிக், டிக், டிக்.

ஓடிவந்து பார்த்தேன். கதிரையில் ஒருவரும் இல்லை. நூற்றிருபது காட்டியது. குனிந்து கருவியைக் கதிரைக்குக் கீழே கொண்டுபோனேன். இருநூறு, முந்நூறு என்று ஏறியது. பிஸ்கற் பேணியின் மூடியைத் திறந்தேன். பழைய புதினத்தாளில் சுற்றி, மூன்று டசினுக்குக் குறையாத மென்றில்கள். பழைய காலத்து மென்றிலில் தோரியம் இருக்கும், அது கதிர்வீச்சுள்ள பொருள். இதை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். சோதனையில் கேள்வி வந்து சரியாக எழுதியும் இருக்கிறேன். பேணியை வளவின் கோடியில் வைத்துவிட்டு வந்து கதிரையை அளந்தேன். முப்பது.

அப்பா ஒரு பை வெங்காயத்தோடு வந்தார். நான் அழுதழுது சொன்னேன். அவர் வெங்காயப் பையைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

“அப்ப நேற்று?”

“நேற்று உங்களிலை ஒண்டும் இல்லை அப்பா. பதினாலாம் நாளே ஒண்டும் இருந்திருக்காது.”

அவர் கதிரையில் போய் இருந்தார். பிறகு, “விளக்கைக் கொளுத்தினது நான்தானே. நீ என்ன செய்வாய்,” என்றார். அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “தம்பி, நீ என்ன சொல்லுறாய் எண்டு உனக்கு விளங்குதோ?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கருவியை வீட்டுக்குக் கொண்டுபோனதற்கு விளக்கக் கடிதம் எழுதினேன். அதிலும் ‘வெளிக்களம்’ என்பதை விளக்க ஒரு பக்கம் தேவைப்பட்டது.

எங்களைச் சேர்த்துவைத்தது அப்பாதான். அக்கா தொலைபேசி எடுக்கிற நேரமெல்லாம் இதைப் பகிடியாகச் சொல்ல ஆரம்பித்தார். “பிள்ளை, எங்கடை தம்பி அணுகுண்டு கண்டுபிடிச்சவன், பிஸ்கற் பேணியுக்கை!” என்பார். நான் கருவி பிடிக்கும் விதம், முகத்தை வைத்திருக்கும் விதம், பத்து இளநீர், கக்கூசு ஓட்டம் எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவார். ஒருநாள் அக்கா சிரித்துவிட்டார். அடுத்த ஆடியில் வருகிறோம் என்றார். மஞ்சள் நாடாவைக் கழற்றப் போன என்னை அப்பா தடுத்தார். “கிடக்கட்டும். அவள் வரேக்கை நானே உரிச்செறிஞ்சுபோட்டுத் தூக்கிறன்.”

மாசியில் அப்பா போய்விட்டார். புற்றுநோயில் இல்லை, மாரடைப்பு. நிப்பாட்ட முடியாது என்று நான் பகிடி விட்ட மனிதர் ஐந்து நிமிடத்தில் நின்றுபோனார். அக்கா தனியாக வந்தார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த அன்று விறாந்தையில் இருந்து நாடாவை நகத்தால் சுரண்டிச் சுரண்டி உரித்தது நான்தான். அதன் தடம் இப்போதும் சீமெந்தில் இருக்கிறது.

வேலையில் இன்றைக்கும் நான்தான் எல்லோருக்கும் முதலில் வெறும் அறையை அளந்து பார்க்கிறவன். வீட்டில் யாராவது எதையாவது அடித்துச் சொன்னால், “எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டுப் பாத்தனியோ?” என்று யாராவது கேட்பார்கள். சிரிப்பு எழும்பும். அப்புறம் கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்வார்கள்.

போன வருடம் அக்கா குடும்பத்தோடு வந்திருந்தார். சாப்பாடு முடிந்து எல்லோரும் விறாந்தையில் இருந்தோம். யாழினிக்குப் பதினொரு வயது. அம்மப்பாவின் சாய்மனைக் கதிரையில் காலை மடித்துப்போட்டுக்கொண்டு, இந்தமுறை தானே சொல்கிறேன் என்றாள். மஞ்சள் தண்ணீர், இளநீர், என்னுடைய முகம், ஒன்றையும் விடவில்லை. பரமேஸ் மாமிக்குச் சிரித்துப் புரையேறியது. கடைசியில் வான் வந்த இடத்துக்கு வந்தாள்.

“மாமா ‘நில்!’ எண்டு பெரிசாக் கத்தினவர். ஆனால் நான் நிக்கேல்லை. ஓடிப்போனன். அம்மப்பா என்னைத் தூக்கினவர். அவரிலை மண்ணெண்ணெய் மணத்தது, எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு.”

சிரிப்பு நின்றுவிட்டது. மாமி வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்தார், வேண்டாம் என்பதுபோல் தலையை மெல்ல ஆட்டினார். யாழினி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

“என்ன மாமா? தூக்கினவர்தானே?”

“ஓம் குஞ்சு,” என்றேன். “தூக்கினவர்.”